ஹட்டனிலிருந்து டொரன்டோ வரை: விமானத் தூரத்தையும் பயண நேரத்தையும் நீங்களே கணக்கிடுவது எப்படி?

ஹட்டன் டவுனில் டிக்கட் பிரின்ட் எடுத்துக் கொடுக்கிற கடையில் உட்கார்ந்திருப்பவன் நான். "அண்ணே, பிளேனில் எத்தனை மணித்தியாலம் இருக்கணும்?" என்று கேட்காமல் யாரும் தாளை வாங்கிக்கொண்டு போனதில்லை. முக்கால்வாசிப் பேர் டிக்கட்டில் உள்ள இரண்டு நேரங்களையும் கழித்துப் பார்த்துவிட்டு, "மூன்று மணித்தியாலம்தானே" என்று அவர்களே பதிலும் சொல்லிவிடுவார்கள். அந்தக் கணக்கு தப்பு. டுபாய்க்கு மூன்று மணித்தியாலத்தில் போக முடியாது.

இந்த வேலையைத் தூரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். தூரம் தெரிந்தால் பறக்கும் நேரம் உத்தேசமாகத் தெரியும். அதை வைத்து டிக்கட்டின் நேரங்களைச் சரிபார்க்கலாம். கடைசியில்தான் வீட்டிலிருந்து எத்தனை மணிக்குப் புறப்படுவது என்ற கேள்வி. வரிசையை மாற்றினால் எங்கே பிழைத்தது என்றே கண்டுபிடிக்க முடியாது.

உதாரணத்துக்கு ஹட்டனிலிருந்து கட்டுநாயக்க, டுபாய் வழியாக டொரன்டோ போகும் பயணத்தை எடுத்துக்கொள்கிறேன். குவைத்துக்கோ லண்டனுக்கோ போகிறவர்களுக்கும் இதே முறைதான்.

முதலில் கையில் இருக்க வேண்டியவை

டிக்கட்டின் முழுப் பிரின்ட். வட்ஸ்அப்பில் ஏஜென்சி அனுப்பிய ஒற்றை வரி போதாது, ஏனென்றால் இடையில் எங்கே இறங்கி ஏறுகிறோம் என்பது அதில் இருக்காது. அப்புறம் ஒரு கல்குலேட்டர், ஒரு தாள், ஒரு பேனை. பிள்ளைகள் படிக்கும் வீட்டில் பூகோள உருண்டை இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள்.

1. விமான நிலையத்தின் குறியீட்டைப் பாருங்கள், ஊர்ப் பெயரைப் பார்க்காதீர்கள்

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் மூன்றெழுத்துக் குறியீடு உண்டு. கட்டுநாயக்கவுக்கு சி.எம்.பி., டுபாய்க்கு டி.எக்ஸ்.பி., டொரன்டோ பியர்சனுக்கு வை.வை.இசட்.

லண்டன் என்று மட்டும் எழுதியிருந்தால் அது ஹீத்ரோவா, கட்விக்கா, ஸ்டான்ஸ்டெட்டா என்று தெரியாது. டுபாயிலேயே இரண்டு விமான நிலையங்கள் இருக்கின்றன. ஒன்றில் இறங்கி இன்னொன்றில் ஏற வேண்டிய டிக்கட்டாக இருந்தால், கீழே வரும் எல்லாக் கணக்கும் பிழைத்துப்போகும்.

2. தூரத்தை உருண்டையில் அளக்க வேண்டும், தட்டையான படத்தில் அல்ல

சுவரில் தொங்கும் உலகப்படத்தில் ரூலரை வைத்து அளக்கிறவர்கள் உண்டு. அந்தப் படம் வடக்குப் பக்கத்தை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும். டுபாயிலிருந்து டொரன்டோவுக்கு அதில் கோடு போட்டால் வட ஆபிரிக்காவைத் தாண்டி அட்லாண்டிக் நடுவே போவதுபோல் தெரியும். உண்மையில் குறுகிய வழி வடக்கே ஏறி, ஏறத்தாழ 62 பாகை வட அகலாங்கைத் தொட்டு, கிரீன்லாந்தின் தென்முனைப் பக்கமாக வளைந்து இறங்குகிறது. சீற்றுக்கு முன்னால் உள்ள திரையில் இந்த வளைவைப் பார்த்துவிட்டு, "சுத்தி வளைச்சுப் போறான்" என்று போன் பண்ணிச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். சுற்றவில்லை, அதுதான் நேர்வழி.

நூலால் அளப்பது மிகச் சுலபம். உருண்டையில் இரண்டு ஊர்களுக்கும் நடுவே நூலை இறுக்கிப் பிடியுங்கள். அது தானாகவே குறுகிய வழியில் போய் நிற்கும். உருண்டையின் குறுக்களவு 30 சென்டிமீற்றர் என்றால் சுற்றளவு சுமார் 94 சென்டிமீற்றர். பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீற்றர். ஆகவே நூலின் ஒரு சென்டிமீற்றர் 425 கிலோமீற்றருக்குச் சமம். கொழும்பிலிருந்து டொரன்டோவுக்கு நூல் 33 சென்டிமீற்றர் அளவில் வரும், அதாவது 14,000 கிலோமீற்றர்.

துல்லியமாக வேண்டும் என்றால் கல்குலேட்டரை எடுங்கள். உயர்தரத்தில் கணிதம் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அதன் கையில் கொடுத்துவிடலாம்.

இரண்டு இடங்களின் அகலாங்கும் நெட்டாங்கும் தேவை. கட்டுநாயக்க 7.18 வடக்கு, 79.88 கிழக்கு. டுபாய் 25.25 வடக்கு, 55.36 கிழக்கு. நெட்டாங்கு வித்தியாசம் 24.52.

இரண்டு அகலாங்குகளின் சைனையும் பெருக்குங்கள்: 0.125 × 0.4266 = 0.0533.

அடுத்து இரண்டு அகலாங்குகளின் கோசைன், கூடவே நெட்டாங்கு வித்தியாசத்தின் கோசைன், மூன்றையும் பெருக்குங்கள்: 0.9922 × 0.9044 × 0.9098 = 0.8164.

கூட்டினால் 0.8697. இதற்கு நேர்மாறு கோசைன் எடுத்தால் சுமார் 29.57 பாகை. ஒரு பாகை 111.2 கிலோமீற்றர். பெருக்கினால் ஏறத்தாழ 3,290 கிலோமீற்றர்.

இதில் பிழைக்கிற இடங்கள் மூன்று. கல்குலேட்டர் ரேடியனில் இருந்தால் விடை கோமாளித்தனமாக வரும், பாகைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்தது, 7 பாகை 10 கலை என்பதை 7.10 என்று அடிப்பது. 60 கலை சேர்ந்தால்தான் ஒரு பாகை, ஆகவே அது 7.17. மூன்றாவது, மேற்கு நெட்டாங்கையும் தெற்கு அகலாங்கையும் கழித்தல் குறியோடு போட மறப்பது. டொரன்டோ மேற்கே 79.63, கட்டுநாயக்க கிழக்கே 79.88. குறியை மறந்தால் இரண்டும் ஒரே நெட்டாங்கில் இருப்பதுபோல் ஆகி, கனடா நம் தலைக்கு நேர் மேலே, 4,000 கிலோமீற்றர் அளவில் வந்து நிற்கும். ஒருமுறை நானே அப்படிப் போட்டுவிட்டு, "இவ்வளவு கிட்டவா?" என்று யோசித்தேன்.

இவ்வளவு வேண்டாம் என்றால் கூகுள் ஏர்த்தில் ரூலர் இருக்கிறது, கிரேட் சர்க்கிள் மேப்பர் தளத்தில் குறியீடுகளை அடித்தாலும் வரும். தளம் மைலில் காட்டுகிறதா, கடல் மைலில் காட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீற்றர், சாதாரண மைல் 1.609.

3. இடையில் இறங்கும் இடம் இருந்தால் துண்டு துண்டாக அளந்து பாருங்கள்

கட்டுநாயக்கவிலிருந்து டொரன்டோவுக்கு ஒரே கோடாக 14,000 கிலோமீற்றர். இந்த டிக்கட் அந்தக் கோட்டில் போகவில்லை. டுபாய் வரை 3,290, டுபாயிலிருந்து டொரன்டோ 11,080. கூட்டினால் 14,370.

லண்டன் வழியாகப் போனால் 8,715, அப்புறம் 5,705. கூட்டுத்தொகை 14,420.

டுபாய் வழிக்கும் லண்டன் வழிக்கும் 50 கிலோமீற்றர்தான் வித்தியாசம். நேர்கோட்டோடு ஒப்பிட்டாலும் கூடுதல் 400 கிலோமீற்றர் அளவில்தான், விமானத்துக்கு அது அரை மணித்தியால வேலை. "இந்த வழி தூரம், அந்த வழி கிட்ட" என்று ஏஜென்சியில் சொன்னால் நம்பிவிடாதீர்கள். பயணத்தை நீட்டுவது காத்திருப்புத்தான். அதை ஆறாவது படியில் பார்ப்போம்.

4. தூரத்தைப் பறக்கும் நேரமாக மாற்றுங்கள்

தூரத்தை 850 ஆல் வகுத்து அரை மணித்தியாலம் கூட்டுங்கள்.

பெரிய விமானங்கள் உயரத்தில் மணிக்கு 900 கிலோமீற்றர் அளவில் போகும். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் கிடையாது, அதனால்தான் 850. அரை மணித்தியாலம் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதற்கும், வரிசையில் நிற்பதற்கும், இறங்கிய பின் கேட் வரை போவதற்கும். டிக்கட்டில் போடும் நேரம் கேட்டிலிருந்து கேட் வரைதான்.

கட்டுநாயக்கவிலிருந்து போட்டுப் பார்த்தால்:

சென்னை, 650 கிலோமீற்றர்: 1 மணி 15 நிமிடம்
டுபாய், 3,290: 4 மணி 20 நிமிடம்
குவைத், 4,140: 5 மணி 20 நிமிடம்
டோக்கியோ நரிட்டா, 6,900: 8 மணி 35 நிமிடம்
லண்டன் ஹீத்ரோ, 8,715: 10 மணி 45 நிமிடம்

டுபாயிலிருந்து டொரன்டோ, 11,080: 13 மணி 30 நிமிடம்.

இது நடுத்தரமான கணக்கு. வடக்கே போகப் போக, உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலமான காற்று வீசும். மேற்கே போகும்போது அது எதிர்க்காற்று, திரும்பி வரும்போது முதுகில் தள்ளும் காற்று. ஆகவே நீண்ட பயணத்தில் போகும்போது அரை மணி முதல் முக்கால் மணி வரை கூட்டுங்கள், வரும்போது அதே அளவு குறையுங்கள். மார்கழி, தை மாதங்களில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். சென்னைக்கெல்லாம் இந்தத் திருத்தம் வேண்டியதில்லை.

போர், எரிமலைச் சாம்பல் என்று ஏதாவது ஒரு நாட்டு வான்பரப்பு மூடப்பட்டால் விமானம் விலகிப் போகும், நேரம் கூடும். அதைக் கணக்கில் பிடிக்க முடியாது. பறக்கும் நாளுக்கு முதல் நாள் டிக்கட்டை மறுபடி பார்ப்பதுதான் வழி.

5. எல்லா நேரத்தையும் இலங்கை நேரத்துக்கு மாற்றுங்கள்

ஆட்கள் அதிகமாகத் தடுக்கி விழுகிற இடம் இதுதான். டிக்கட்டில் உள்ள ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர் நேரம். டுபாயில் இறங்கும் நேரம் டுபாய்க் கடிகாரத்தின் நேரம்.

உலகப் பொது நேரத்துக்கு மாற்றிக் கழிக்கச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தேன், எல்லோரும் குழம்பினார்கள். இப்போது எல்லாவற்றையும் வீட்டுக் கடிகாரத்துக்கு மாற்றச் சொல்கிறேன். டுபாய் நேரத்தோடு 1 மணி 30 நிமிடம் கூட்டினால் நம் நேரம். கட்டார், குவைத், ரியாத் என்றால் 2 மணி 30 நிமிடம். இந்தியாவுக்கு ஒன்றும் கூட்ட வேண்டாம். ஜப்பான் நமக்கு முன்னால் ஓடுகிறது, 3 மணி 30 நிமிடத்தைக் கழியுங்கள்.

லண்டனும் டொரன்டோவும் வருடத்தில் இரண்டு முறை கடிகாரத்தை மாற்றுகின்றன. டொரன்டோவுக்குக் குளிர்காலத்தில் 10 மணி 30 நிமிடம், கோடையில் 9 மணி 30 நிமிடம். லண்டனுக்குக் குளிர்காலத்தில் 5.30, கோடையில் 4.30. டொரன்டோ மாற்றுவது மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். பிரித்தானியா மாற்றுவது மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும். டிக்கட் வாங்கிய தேதியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், பறக்கும் தேதிதான் முக்கியம்.

தை மாதத்து டிக்கட் ஒன்று இப்படி இருக்கிறது என்று வைப்போம். கட்டுநாயக்கவில் இரவு 10.00க்குக் கிளம்பி, டுபாயில் அதிகாலை 1.00க்கு இறக்கம். அங்கிருந்து 3.30க்குக் கிளம்பி, டொரன்டோவில் காலை 8.45க்கு இறக்கம்.

டுபாய் 1.00 என்பது நமக்கு 2.30. பத்து மணியிலிருந்து எண்ணினால் 4 மணி 30 நிமிடம். நாலாவது படியில் வந்தது 4.20, மேற்கே போகிறோம் என்பதால் கொஞ்சம் கூடுதல். சரி, பொருந்துகிறது.

டுபாய் 3.30 நமக்கு 5.00. டொரன்டோ காலை 8.45 நமக்கு மாலை 7.15. நடுவே 14 மணி 15 நிமிடம். தூரக் கணக்கு 13.30, எதிர்க்காற்றுக்கு முக்கால் மணி. இதுவும் பொருந்துகிறது.

மொத்தம் இரவு 10.00 முதல் அடுத்த நாள் மாலை 7.15 வரை, 21 மணி 15 நிமிடம். டிக்கட்டை மட்டும் பார்த்துக் கழித்தவருக்கு 10 மணி 45 நிமிடம் என்று வந்திருக்கும்.

தூரக் கணக்குக்கும் டிக்கட் கணக்குக்கும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இடித்தால், கோடை நேரத்தைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள். அப்புறம் தேதியைப் பாருங்கள்.

தேதி என்றதும் சொல்லிவிடுகிறேன். டிக்கட்டில் 15ஆம் திகதி 00.40 என்று இருந்தால் அது 14ஆம் திகதி இரவு. பொகவந்தலாவைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று 15ஆம் திகதி பின்னேரத்துக்கு வேன் பேசிவிட்டு, பெட்டி கட்டிக்கொண்டு பிரின்ட் எடுக்க வந்தது. விமானம் அன்று அதிகாலையே போய்விட்டது. அந்தத் தங்கச்சியின் முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அன்றிலிருந்து நள்ளிரவுக்குப் பிறகு கிளம்பும் டிக்கட் எதுவானாலும், பிரின்டிலேயே "14 இரவு" என்று சிவப்புப் பேனையால் எழுதித்தான் கொடுக்கிறேன். இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக +1 என்று இருந்தால், அடுத்த நாள் என்று அர்த்தம்.

6. காத்திருப்பைத் தனியாக எழுதுங்கள்

நம் உதாரணத்தில் டுபாயில் காத்திருப்பு 2 மணி 30 நிமிடம். ஒரே டிக்கட்டாக இருந்தால் இது போதும். பெட்டி தானாக அடுத்த விமானத்துக்குப் போகும், முதல் விமானம் தாமதமானாலும் விமானக் கம்பனிக்காரர்களே வேறு விமானத்தில் ஏற்றிவிடுவார்கள்.

இரண்டு டிக்கட்டைத் தனித்தனியாக வாங்கியிருந்தால் கதையே வேறு. பெட்டியை நீங்களே எடுத்து, திரும்பவும் கவுன்டரில் போட வேண்டும், அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய விசா கேட்கலாம். முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது டிக்கட்டின் காசு போச்சு. அப்படி வாங்கியவர்களிடம் குறைந்தது ஆறு மணித்தியாலமாவது இடைவெளி வையுங்கள் என்கிறேன். லண்டன் வழியாகப் போகிறவர்கள், இறங்கி ஏறுவதற்கே விசா தேவையா என்பதை டிக்கட்டுக்குக் காசு கட்டும் முன்பே பார்க்க வேண்டும்.

மலிவான டிக்கட் பலவற்றில் காத்திருப்பு 12, 14 மணித்தியாலம் இருக்கும். இணையத்தில் மொத்த நேரம் என்று போடுவது காத்திருப்பையும் சேர்த்துத்தான். ஆகவே 33 மணித்தியாலம் என்று கண்டு பயந்துவிடாமல், பறப்பது எவ்வளவு, உட்கார்ந்திருப்பது எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். வயதான அம்மாவை அனுப்புவதாக இருந்தால் கொஞ்சம் காசு கூடினாலும் குறைந்த காத்திருப்பையே எடுங்கள்.

7. மலையிலிருந்து இறங்கும் நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

ஹட்டனிலிருந்து கட்டுநாயக்க 150 கிலோமீற்றர் அளவில்தான். கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை, கடுவலை, அங்கே வெளிச்சுற்று அதிவேகப் பாதையில் ஏறி, கெரவலப்பிட்டியில் கட்டுநாயக்கப் பாதைக்கு மாறுவது வழக்கமான வழி. நான் பிடிக்கும் கணக்கு ஐந்து மணித்தியாலம். டுபாய்க்கு 3,290 கிலோமீற்றர் பறக்க ஆகும் நேரத்தைவிட இது அதிகம்!

பின்னாலிருந்து வாருங்கள். விமானம் இரவு 10.00. கவுன்டர் பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்துக்கு முன் மூடிவிடும். மூன்று மணித்தியாலத்துக்கு முன் அங்கே நிற்க வேண்டும், அதாவது 7.00. ஐந்து மணித்தியாலப் பாதை, பிற்பகல் 2.00. மழை, மண்சரிவு, டயர் பஞ்சர், பிள்ளை வாந்தி எடுப்பது எல்லாவற்றுக்குமாக ஒன்றரை மணித்தியாலம். ஆகவே 12.30க்கு வேன் ஹட்டனை விட்டுக் கிளம்ப வேண்டும். பொகவந்தலாவை, மஸ்கெலியாத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள் டவுனுக்கு வரும் நேரத்தையும் சேருங்கள். லயத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு வரும் தோட்டப்பாதை மழையில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

சிவனொளிபாத மலை சீசனில், மார்கழிப் போயா முதல் வெசாக் போயா வரை, வார இறுதியும் போயாவும் வந்தால் இன்னொரு மணித்தியாலம். சித்திரையில் நுவரெலியாப் பக்கமும் இதே கதை.

பதுளை, பண்டாரவளைக்காரர்களில் சிலர் வெல்லவாய வழியாக ஹம்பாந்தோட்டைக்கு இறங்கி, தெற்கு அதிவேகப் பாதையில் வருகிறார்கள். கிலோமீற்றர் கூடுதல், ஆனால் வளைவு குறைவு. டிரைவரிடம் எத்தனை கிலோமீற்றர் என்று கேட்காதீர்கள், எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று கேளுங்கள்.

கோச்சியில் வந்து விமானம் பிடிக்கும் திட்டம் வேண்டவே வேண்டாம். பாதையில் ஒரு கல் விழுந்தாலும் நாள் போய்விடும். முதல் நாளே இறங்கி நீர்கொழும்பிலோ சொந்தக்காரர் வீட்டிலோ தங்குகிறவர்களுக்கு இது பொருந்தாது.

இப்போது முழுக் கணக்கு: வீட்டிலிருந்து விமானம் வரை ஒன்பதரை மணித்தியாலம், விமானமும் காத்திருப்பும் 21 மணி 15 நிமிடம், டொரன்டோவில் குடிவரவு, பெட்டி, வீடு போய்ச் சேர்வது எல்லாம் இரண்டரை. மொத்தம் 33 மணித்தியாலத்துக்குப் பக்கம். அதில் பறப்பது 19 மணித்தியாலத்துக்கும் குறைவு.

8. திரும்பி வரும் பயணத்தைப் புதிதாகக் கணக்கிடுங்கள்

போன கணக்கையே திருப்பிப் போடாதீர்கள். முதுகுக் காற்றில் டொரன்டோவிலிருந்து டுபாய் 12 மணி 45 நிமிடம் அளவில் முடியும். டிக்கட்டிலோ நேரம் எக்கச்சக்கமாகக் கூடித் தெரியும். ஒருவர் தை மாதத்தில் ஞாயிறு பிற்பகல் 2.25க்கு டொரன்டோவில் ஏறி, திங்கள் இரவு 8.20க்குக் கட்டுநாயக்கவில் இறங்குகிறார் என்றால், கழித்தால் 30 மணித்தியாலத்துக்குக் கிட்ட வரும். அதில் 10 மணி 30 நிமிடத்தைக் கழியுங்கள், உண்மையில் 19 மணி 25 நிமிடம்தான்.

கூட்டிவரப் போகிறவர்கள் வேனை இறங்கும் தேதிக்குப் பேச வேண்டும், ஏறும் தேதிக்கு அல்ல. 8.20க்கு இறங்கினால் வெளியே வர 9.30 ஆகும். ஹட்டனுக்கு வரும்போது அதிகாலை 2.30. கினிகத்தேனைக்கு மேலே அந்த நேரத்தில் பனிமூட்டம் இருந்தால் முன்னால் போகிற லொறியே தெரியாது. ஆகவே வேன் பேசும்போதே, அன்று பகலில் வேறு ஹயர் போகாத டிரைவராகக் கேளுங்கள்.